தூணைத் தட்டிப் பார்த்தவர்கள்

ஊரில் ரயில் பயணம் செய்தவர்களுக்கு இந்த மனிதரைத் தெரிந்திருக்கும். பெரிய ஸ்டேஷனில் வண்டி நின்றதும் நீளமான பிடி போட்ட சுத்தியலோடு வருவார். யாரையும் பார்க்க மாட்டார். குனிந்து ஒவ்வொரு சக்கரமாக ஒரு தட்டு, அடுத்த சக்கரம், ஒரு தட்டு என்று போய்க்கொண்டே இருப்பார். கணீரென்று கேட்டால் சக்கரம் சரி. "டொக்" என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ விரிசல். சந்தையில் பானை வாங்கும் பாட்டி செய்வதும் இதையேதான்.

என் பிழைப்பும் ஏறக்குறைய அதுதான். கட்டுமானங்களைத் தட்டிப் பார்த்து, அவை அதிர்வதை அளந்து, கணினியில் ஒரு மாதிரி செய்து, "இன்னும் எத்தனை நாள் தாங்கும்" என்று சொல்வது. "பாலத்தைத் தட்டிப் பார்க்க இவ்வளவு சம்பளமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக ஒரு பழைய கதையைச் சொல்கிறேன். கதை பாலக்காட்டுப் பக்கம் நடக்கிறது, நம்மில் பலர் போய் வந்த பாதை.

நான் கோழிக்கோடு பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்தேன். வீடு பாலக்காடு மாவட்டத்தில், தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறை பக்கம். அதனால் வெள்ளிக்கிழமை என்றால் ரயில். ஃபரூக் தாண்டி, கடலுண்டி தாண்டி, இடது பக்கம் தென்னந்தோப்பு, வலது பக்கம் ஆறு கடலில் சேரும் முகத்துவாரம், சேற்றில் நிற்கும் பறவைகள். பாலத்தில் வண்டி ஏறும்போது சத்தம் மாறும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தூக்கத்திலிருந்து எழுந்து, திரூர் வருகிறது என்று பையைச் சரி செய்வோம்.

2001 ஜூன் 22, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு மேல், மங்களூரிலிருந்து சென்னை நோக்கி வந்த மெயில் அந்தப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தபோது பாலம் விழுந்தது. பெட்டிகள் மழைக்கால ஆற்றுக்குள் போயின. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதலில் தண்ணீரில் குதித்தவர்கள் பக்கத்து ஊர் மீனவர்களும் படகுக்காரர்களும்தான். அப்போது நான் இங்கே வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பாலத்தின் எண்ணைச் செய்தியில் படித்தபோதுதான் அதற்கு ஒரு எண் உண்டு என்பதே தெரிந்தது: 924.

இதில் பலரும் மறந்துபோன ஒரு விஷயம். அந்தப் பாதை தென்னக ரயில்வேயின் பாலக்காடு கோட்டத்தைச் சேர்ந்தது. 2001-ல் கோவை, போத்தனூர், ஈரோடு, சேலம் எல்லாமே அந்தக் கோட்டத்துக்குள்தான் இருந்தன. 2007-ல்தான் சேலம் கோட்டம் தனியாகப் பிரிந்தது (அதற்கு நடந்த சண்டையும் நினைவிருக்கும்). ஆக, கோவைக்காரர் ஏறிய வண்டியையும் கடலுண்டிப் பாலத்தையும் பார்த்துக்கொண்டது ஒரே அலுவலகம்.

கொஞ்சம் பின்னால் போவோம். மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் வண்டியை ஓட்டியது. கம்பெனியின் ஆசை மேற்குக் கடற்கரையைத் தொடுவது. அந்தக் கடற்கரைப் பக்கத்திலிருந்தும் வேலை ஆரம்பித்தது. பேப்பூருக்கும் திரூருக்கும் நடுவே 1861 மார்ச்சில் வண்டி ஓடியது. அடுத்த வருடம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக இரண்டு கரையும் சேர்ந்தன. கடலுண்டி ஆறு அந்த 1861 பாதையில்தான் வருகிறது. விழும்போது பாலத்துக்கு வயது 140 என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது இந்தக் கணக்கில்தான்.

அந்தக் காலத்தில் முகத்துவாரத்துச் சேற்றில் தூண் நிறுத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை. தோண்டினால் மண் சரியும், தண்ணீரை இறைத்து மாளாது. அதற்கு வழி கண்டவர் அலெக்சாண்டர் மிட்செல் என்ற அயர்லாந்துக்காரர். இருபது வயதைத் தாண்டும்போதே முழுவதும் கண் தெரியாமல் போனவர், செங்கல் வியாபாரி. 1833-ல் அவர் காப்புரிமை வாங்கிய சமாச்சாரம் ஸ்க்ரூ பைல்: இரும்புக் கம்பத்தின் அடியில் அகலமான திருகு இதழ். மரத்தில் ஸ்க்ரூ ஏற்றுவது போல் சேற்றுக்குள் திருகி இறக்க வேண்டியது, தோண்டவே வேண்டாம். மனிதர்களும் மாடுகளும் சுற்றிச் சுற்றித் திருகினால் போதும். முதலில் தேம்ஸ் முகத்துவாரத்துக் கலங்கரை விளக்கத்துக்குப் பயன்பட்டது, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. மலபார் கடற்கரை ஆறுகளுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தி அன்றைக்குக் கிடையாது. கடலுண்டிப் பாலமும் இப்படிப்பட்ட இரும்புத் தூண்கள் மேல் நின்ற பாலம்தான். தூண்தான் விட்டுக்கொடுத்தது. மேலே இருந்த கர்டரைக் குறை சொல்ல முடியாது.

வார்ப்பிரும்புக்கு உப்புத் தண்ணீரில் ஒரு கெட்ட குணம் உண்டு. சாதாரண இரும்பு துருப்பிடித்தால் உரியும், மெலியும், பார்த்தால் தெரியும். வார்ப்பிரும்பில் உள்ள இரும்பு மட்டும் மெதுவாகக் கரைந்து போய், அதற்குள் இருக்கும் கிராஃபைட் அப்படியே நின்றுவிடும். உருவம் மாறாது, அளவு மாறாது, பெயின்ட் அடித்தால் புதுசு மாதிரி இருக்கும். ஆனால் பேனாக்கத்தியால் சீவலாம், பென்சில் மாதிரி. வருடா வருடம் ஒரு அதிகாரி டிராலியில் வந்து, இறங்கி, கண்ணால் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுப் போகும் முறையில் இது பிடிபடாது. அதிலும் பாதித்தூண் தண்ணீருக்கும் சேற்றுக்கும் கீழே. அங்கே இன்னொரு எதிரி இருக்கிறான்: மண்ணரிப்பு. வெள்ளம் வரும்போது தூணைச் சுற்றித் தண்ணீர் சுழித்து அடிமண்ணைத் தோண்டும். வெள்ளம் வடியும்போது அதே குழியில் தளர்ந்த வண்டல் வந்து நிரம்பிவிடும். கோடையில் போய்ப் பார்த்தால் குழியே இருக்காது.

இந்த இடத்தில்தான் சுத்தியல்காரர் வருகிறார்.

ஒரு மூங்கிலைத் தரையில் நட்டு, உச்சியில் ஒரு செங்கல்லைக் கட்டி ஆட்டி விடுங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஆடும். அடியில் மண்ணைக் கொஞ்சம் பறித்துவிட்டு மறுபடி ஆட்டுங்கள். மெதுவாக ஆடும். இவ்வளவுதான் சூட்சுமம். தரைக்கு மேல் நாலு மீட்டர் தெரிந்த கம்பம், மண் அரித்து ஐந்து மீட்டர் ஆகிவிட்டது என்று வையுங்கள். வளையாமல் நிற்கும் உறுதி ஏறக்குறைய பாதியாகிவிடும். நீளத்தின் மும்மடிக்கு எதிர் விகிதம். அதிர்வெண் உறுதியின் வர்க்கமூலத்தோடு போகும் என்பதால், முன்பு நொடிக்கு 5 தடவை ஆடியது இப்போது 3.6 தடவைதான் ஆடும். குழியில் வண்டல் நிரம்பிக் கண்ணை ஏமாற்றலாம், ஆனால் தளர்ந்த வண்டல் தூணை இறுக்கிப் பிடிக்காது. ஆட்டம் உண்மையைச் சொல்லிவிடும்.

ஜப்பான்காரர்கள் இதை ஒரு வழக்கமான பரிசோதனையாகவே ஆக்கிவிட்டார்கள். அங்கும் மலை, அங்கும் வெள்ளம், அங்கும் பழைய ரயில் பாலங்கள். 1980-களின் பிற்பகுதியில் அவர்களுடைய ரயில்வே ஆராய்ச்சி நிலையம் கொண்டு வந்த முறை வெகு எளிமையானது. பாலத்திலிருந்து 30 கிலோ எடையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, தூணின் தலைப்பகுதியில் மோத வைப்பார்கள். தூண் அதிர்வதைக் கருவி பதிவு செய்யும். அந்த மாதிரித் தூணுக்கு இருக்க வேண்டிய அதிர்வெண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து, 70 சதவீதத்துக்கும் கீழே போயிருந்தால் உடனே கவனி என்று பட்டியலில் முதலிடம். மேலே நாம் போட்ட மூங்கில் கணக்கில் 72 சதவீதம் வந்தது, கவனித்தீர்களா? அடிமண்ணில் ஒரு மீட்டர் போனதற்கே தூண் ஏறக்குறைய அபாய எல்லைக்கு வந்துவிட்டது.

பாலங்கள் ஏன் அதிர்கின்றன என்று முதலில் கணக்குப் போட்டவர்களும் ஒரு விபத்துக்குப் பிறகுதான் உட்கார்ந்தார்கள். 1847 மே மாதம் இங்கிலாந்தில் செஸ்டர் நகரருகே டீ நதியின் மேல் ராபர்ட் ஸ்டீஃபன்சன் கட்டிய வார்ப்பிரும்புப் பாலம் உடைந்து ஐந்து பேர் செத்தார்கள். அரசாங்கம் விசாரணைக் குழு போட்டது. ராபர்ட் வில்லிஸ் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர், பாரம் ஏற்றிய வண்டியைச் சோதனை உத்திரங்கள் மேல் வேகமாக ஓட விட்டுப் பார்த்தார். நிற்கும் பாரத்தைவிட ஓடும் பாரம் உத்திரத்தை அதிகம் வளைக்கிறது என்று தெரிந்தது. அதற்கான சமன்பாட்டை 1849-ல் தீர்த்தவர் ஸ்டோக்ஸ். பள்ளியில் பிசுபிசுப்பு பாடத்தில் படித்தோமே, அதே ஸ்டோக்ஸ். கடலுண்டியில் தூணைத் திருகி இறக்கும் காலத்துக்கு முன்பே இந்தக் கணக்கு காகிதத்தில் இருந்தது. ஆனால் ஒரு முழுப் பாலத்துக்குக் கையால் போட முடியாது, ஆயுசு பத்தாது.

அதை மாற்றியது கணினி. போயிங் விமானக் கம்பெனிக்காக டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் என்ற நால்வர் 1956-ல் எழுதிய கட்டுரைதான் இன்று நாங்கள் எல்லோரும் சோறு தின்னும் வித்தைக்கு அடிப்படை. பெரிய உருவத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டு, ஒவ்வொரு துண்டும் எப்படி வளையும் என்று எழுது, எல்லாவற்றையும் கோத்து ஒரே சமன்பாட்டுக் கூட்டமாகத் தீர். ஃபைனைட் எலிமெண்ட் என்ற பெயரை 1960-ல் கிளஃப் வைத்தார். நம் பக்கத்தில் 1973-ல் ஜெர்மன் உதவியில் ஐஐடி மெட்ராஸுக்கு ஐபிஎம் 370 வந்தது. அந்தத் தலைமுறை ஆட்கள் அட்டையில் ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டு, விடைக்காக மறுநாள் வரை காத்திருந்த கதைகளை இன்னும் சொல்வார்கள். தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்திலும் பாலங்களின் சோதனை ஒரு பெரிய துறை.

இரண்டையும் சேர்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. கணினியில் தூணைச் செய்துவிடலாம், இரும்பும் கான்கிரீட்டும் தெரிந்த பொருள்கள். அடியில் இருக்கும் மண்ணை என்ன செய்வது? அங்கே ஸ்பிரிங் போடுவோம். எவ்வளவு விறைப்பான ஸ்பிரிங்? யாருக்கும் தெரியாது. அதனால் உண்மையான தூணைத் தட்டி அதிர்வெண்ணை அளந்துகொண்டு, கணினிக்குள் இருக்கும் தூணும் அதே அதிர்வெண்ணில் ஆடும் வரை ஸ்பிரிங்கைத் திருகிக்கொண்டே போவோம். வீணையில் சுருதி சேர்ப்பது மாதிரி. இரண்டும் ஒத்துப் போனதும் அந்த ஸ்பிரிங்கைப் பார்த்தால் நிலத்துக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத நிலைமை தெரியும். அதன் பிறகு கணினிக்குள் வெள்ளம் விடலாம், கனமான எஞ்சினை ஓட்டலாம். யாரும் சாக மாட்டார்கள்.

இப்படிச் சொன்னால் மந்திரம் மாதிரி இருக்கும், மந்திரம் இல்லை. ஸ்விட்சர்லாந்தில் 1963-ல் கட்டிய இசட்24 என்ற பாலம் ஒன்றை இடிக்க வேண்டி வந்தது. நல்ல வாய்ப்பு என்று, ஏறக்குறைய ஒரு வருடம் அதன் அதிர்வுகளைப் பதிவு செய்தார்கள். பிறகு 1998-ல், இடிப்பதற்கு முன், வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்தார்கள். ஒரு தூணை 20 மில்லிமீட்டர், 40, 80, 95 என்று இறக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் அளந்தார்கள். அதிர்வெண் குறைந்தது உண்மை, ஆனால் சில சதவீதம்தான். குளிர்காலத்தில் மேலே இருந்த தார் உறைந்தபோதும் அதிர்வெண் அதைவிட அதிகமாகவே மாறியிருந்தது, ஏறுமுகமாக. தூண் இறங்கியதா, பனி உருகியதா என்று பிரித்தறிய முடியாவிட்டால் என்ன பிரயோஜனம்? எங்கள் துறையில் பாதி சண்டை இதுதான். மலபாரில் உறைபனி கிடையாது. அதற்குப் பதில் ஓதம். தண்ணீர் ஏறும்போது தூணோடு சேர்ந்து ஆடும் தண்ணீரின் எடையும் கூடும், அதிர்வெண் இறங்கும். எனவே ஒருநாள் போய் ஒரு தட்டு தட்டிவிட்டு வந்தால் போதாது. ஆரோக்கியமாக இருந்த நாளில் எப்படி அதிர்ந்தது என்ற பழைய பதிவு வேண்டும். டாக்டரிடம் பழைய ஈசிஜி கொண்டு போவது மாதிரி. 1861-ல் யாரும் அதைப் பதிவு செய்யவில்லை. 1961-லும் இல்லை.

இடுக்கி எல்லைக்கு வந்தால் கணினி மாதிரி என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம் வந்துவிடும். முல்லைப் பெரியாறு வழக்கில் நிலநடுக்கம் வந்தால் அணை என்னாகும் என்று கேரளம் ஐஐடி ரூர்க்கியிடம் கணித்து வாங்கியது. தமிழ்நாடு அதை ஒப்புக்கொள்ளவில்லை. உச்ச நீதிமன்றம் முன்னாள் தலைமை நீதிபதி ஆனந்த் தலைமையில் போட்ட குழு தானே சோதனைகள் செய்ய வைத்து 2012-ல் அறிக்கை தந்தது, 2014 மே 7-ல் 142 அடிக்குத் தீர்ப்பு வந்தது. நம் வீடுகளில் இதைப் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும், விட்டுவிடுகிறேன். தொழில்காரனாக ஒன்று மட்டும்: மாதிரியின் விடை உள்ளே போடும் எண்களைப் பொறுத்தது. அந்த எண்களைக் கட்டுமானத்திலேயே அளந்து எடுத்தார்களா, புத்தகத்திலிருந்து எடுத்தார்களா என்று கேட்காமல் எந்த அறிக்கையையும் நான் நம்புவதில்லை, அது எந்த மாநிலத்துடையதாக இருந்தாலும்.

இங்கே அமெரிக்காவில் கடலுண்டிக்கு ஒரு அக்கா உண்டு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் நயாகரா கூட்டிக்கொண்டு போகிறோமே, ஆல்பனியிலிருந்து மேற்கே போகும் த்ரூவே, அதில் ஒரு மணி நேரத்துக்குள் ஸ்கோஹாரி ஓடை வரும். கண்ணிமைத்தால் தாண்டிவிடும். 1987 ஏப்ரல் 5-ல், பனி உருகிய வெள்ளத்தில், அங்கே இருந்த 1950-களின் பாலம் விழுந்து பத்துப் பேர் இறந்தார்கள். அங்கும் தூண்தான், அங்கும் அடிமண்தான். ஆழமில்லாத அடித்தளம், அதைப் பாதுகாக்கப் போட்ட கற்கள் வருடக்கணக்கில் அடித்துக்கொண்டு போயிருந்தன. அதற்குப் பிறகுதான் மத்திய அரசு நாடு முழுவதும் பாலங்களை மண்ணரிப்புக்காகத் தனியாக ஆராய வேண்டும், தண்ணீருக்குள்ளும் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று விதி போட்டது. நான் இங்கே பார்த்த முதல் வேலையே அந்த விதியால் வந்ததுதான். பத்து உயிர் போன பிறகு பிறந்த விதியில் என் அடுப்பு எரிகிறது. இதை நினைக்காமல் அந்த ஓடையைத் தாண்டியதில்லை.

இந்தியாவில் 2001-ல் பதினேழாயிரம் கோடி ரூபாயில் சிறப்பு ரயில்வே பாதுகாப்பு நிதி வந்தது. நீதிபதி கன்னா குழு முன்பே பரிந்துரைத்திருந்தது. அதில் பழைய பாலங்கள் நிறைய மாற்றப்பட்டன. 2005-லிருந்து சரக்கு வண்டிகளில் அதிகப் பாரம் ஏற்ற ஆரம்பித்ததும், பாலங்களில் கருவி பொருத்தி அளக்கும் வேலையும் கூடியது.

பாம்பனைச் சொல்லாமல் முடியாது, அதற்கும் பாலக்காட்டுத் தொடர்பு இருக்கிறது. 1914 பிப்ரவரியில் திறந்த அந்தப் பாலத்தின் கர்டர்களில் 126 1964 டிசம்பர் புயலில் கடலுக்குள் போயின. தனுஷ்கோடி பாசஞ்சரோடு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். தூண்கள் பெரும்பாலும் நின்றன. அதனால்தான் விழுந்த கர்டர்களைக் கடலிலிருந்து எடுத்து மறுபடி ஏற்ற முடிந்தது. 46 நாளில் முடித்துக் காட்டிய முப்பத்திரண்டு வயது இன்ஜினியர் இ. ஸ்ரீதரன், இன்றைய பாலக்காடு மாவட்டத்துக் கருகபுத்தூரில் பிறந்தவர். டி.என். சேஷன் இவருடைய பள்ளித்தோழர். (ஒரே வகுப்பில் இந்த இரண்டு பேர் என்றால் வாத்தியாரை நினைத்துப் பாருங்கள்!) பிற்காலத்தில் ஐஐடி மெட்ராஸ் பாம்பனில் சென்சார்கள் பொருத்திக் கண்காணித்தது. 2022 டிசம்பர் 23-ல் தூக்குப் பகுதியின் நிலை பற்றி எச்சரிக்கை வந்ததும் ரயிலை நிறுத்தினார்கள். மறுபடி அந்தப் பாலத்தில் பயணிகள் வண்டி ஓடவில்லை. 2025 ஏப்ரல் 6-ல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தது. ராமேஸ்வரம் போக முடியாமல் இரண்டு வருடத்துக்கு மேல் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்த ஜனங்கள் திட்டித் தீர்த்தார்கள். என் அத்தையும் திட்டினார். யாரும் விழவில்லை, அதனால் இது செய்தியாக நிற்கவில்லை.

கடைசியாக ஒரு சின்ன ஆராய்ச்சி. 2022-ல் எம்ஐடி ஆட்கள் சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தின் மேல் காரில் போகிறவர்களின் கைபேசியை வைத்தே பாலத்தின் அதிர்வெண்களை எடுத்துக் காட்டினார்கள். கைபேசிக்குள் அதிர்வை அளக்கும் சில்லு இருக்கிறது, பல பயணங்களைச் சேர்த்தால் சத்தம் போய் சமிக்ஞை மிஞ்சும். போன தடவை ஊருக்குப் போனபோது மூணாறு வழியில் நேரியமங்கலம் வந்தது. 1924 வெள்ளம் பழைய ஆலுவா–மூணாறு பாதையை அடித்துக்கொண்டு போன பிறகு போட்ட புதுப் பாதையில், பெரியாற்றின் மேல் 1935-ல் திறந்த வளைவுப் பாலம். கைபேசியை டாஷ்போர்டில் வைத்துப் பதிவு செய்யச் சொல்லி மகளிடம் கொடுத்தேன். டிரைவர் அண்ணனிடம் மெதுவாக ஓட்டச் சொன்னேன். பின்னால் வந்த கேஎஸ்ஆர்டிசி பஸ் ஹாரனை எடுக்கவே இல்லை. ராத்திரி விடுதியில் கிராஃப் போட்டுப் பார்த்தேன். ஜீப் எஞ்சினின் அதிர்வு மலை மாதிரி நின்றது. அதற்குக் கீழே, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில், ஒரு சின்ன மேடு. பாலமா, ஜீப்பின் ஸ்பிரிங்கா என்று ஒரு பயணத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஃபைலை தேதி போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு பதிவு எடுத்து அனுப்பினால் சேர்த்துப் பார்க்கலாம்.